சட்டம் வருவதற்கு முன்னே சுமந்தவர்கள்

மதிப்புக்குரிய பெரியோர்களே, சபையின் சகோதர சகோதரிகளே,

கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் ஒழுக்கநெறிக்கும், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு தேசத்தின் விழுமியங்களுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பொருளில் பேச எழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புலம்பலோடு தொடங்குவது வழக்கம். முன்பெல்லாம் ஜனங்கள் தேவனுக்குப் பயந்து நடந்தார்கள், இப்போது அந்தப் பயம் போய்விட்டது, ஆகையால் பழைய நெறிகளைச் சட்டத்தின் பலத்தால் நிலைநிறுத்த வேண்டும் என்று அவர்கள் முடிப்பார்கள். அந்தப் புலம்பலுக்குள் உண்மையான வேதனை இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தெரிவது வேறு. விசுவாசிகள் ஒரு தேசத்தின் மனதை மெய்யாகவே மாற்றிய காலங்களில், தாங்கள் நம்பிய நெறிக்கான விலையை முதலில் அவர்களே கொடுத்தார்கள். சட்டம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

எகிப்தின் மணலுக்குள்ளிருந்து கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். கி.மு. 1ஆம் ஆண்டில் ஹிலாரியோன் என்ற ஒரு சாதாரண மனிதன், அலெக்சாந்திரியாவிலிருந்து ஊரில் இருந்த கர்ப்பிணி மனைவிக்கு எழுதியது அது. நீ கவலைப்படாதே, கூலி கைக்கு வந்தவுடன் அனுப்பிவைக்கிறேன், குழந்தையைக் கவனித்துக்கொள் என்கிறான். தன்னை மறந்துவிட வேண்டாம் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள் போலும். உன்னை நான் எப்படி மறப்பேன் என்று உருகுகிறான். அதே கடிதத்தில், அதே குரலில், உனக்குப் பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்றும் எழுதுகிறான். இவனைக் கொடியவன் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. மனைவிமேல் பாசமுள்ள ஒருவனுக்கு, அவன் வாழ்ந்த உலகத்தின் விழுமியம் அந்த ஒரு வரியை எவ்வளவு இயல்பாக்கிவிட்டது என்பதுதான் என்னை நடுங்க வைக்கிறது. புறஜாதியாரின் இருதயத்திலும் நியாயப்பிரமாணத்திற்கேற்ற கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் நிருபத்தில் பவுல் சொல்வதை நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் ஊர்வழக்கம் அந்த எழுத்தின்மேல் எவ்வளவு கனமாகப் படிந்துவிடக்கூடும் என்பதற்கு இந்தக் கடிதம் சாட்சி.

இத்தகைய உலகத்தில் ஆதித் திருச்சபை என்ன செய்தது? ரோமப் பேரரசில் அவர்களுக்குப் பதவியும் இல்லை, செல்வாக்கும் இல்லை. அப்போஸ்தலர் காலத்துக்கு மிக நெருங்கிய 'திடாகே' என்ற போதனை நூல், கருவைச் சிதைக்காதே, பிறந்த குழந்தையைக் கொல்லாதே என்று கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை சக்கரவர்த்திக்கு அனுப்பிய விண்ணப்பமாக எழுதப்படவில்லை, ஞானஸ்நானம் பெற வந்தவர்களுக்காகவே எழுதப்பட்டது. பெண் குழந்தையைப் பெற்று வளர்க்கும் செலவு, அண்டை வீட்டாரின் ஏளனம், தெருவில் விடப்பட்ட பிறர் குழந்தையை எடுத்து வளர்க்கும் பாரம் எல்லாம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்தன. சிசுக்கொலையை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கும் ரோமச் சட்டம் கி.பி. 374இல்தான் பிறந்தது. அதற்குள் எத்தனை தலைமுறைகள் கடந்துவிட்டன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதே வரிசையில் நான் நேசிக்கும் இன்னொருவர், 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஜான் உல்மன். தையல் தொழில் செய்தவர்; குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விசுவாசி. இளவயதில், தான் வேலை பார்த்த முதலாளி ஓர் அடிமைப் பெண்ணை விற்றபோது அதற்கான பத்திரத்தை எழுதிக் கொடுத்தார்; அந்த நாளே அவர் மனச்சாட்சியைக் குத்தத் தொடங்கியது. பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் அடிமைகளை வைத்திருந்த தம் சபையாரின் வீடுகளில் தங்கும்போது, தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளின் கையில் அதற்கான கூலியைக் கொடுப்பதில் கவனமாயிருந்தார். அந்தச் சிறிய காரியத்தை மனக்கண்ணால் பாருங்கள். விருந்து படைத்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! ஆனாலும் உல்மன் யாரையும் பகைக்கவில்லை; சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார். 1758இல் பிலதெல்பியாவின் குவேக்கர் ஆண்டுக்கூட்டம், அடிமைகளை வைத்திருந்த உறுப்பினர்களை வீடு தேடிச் சந்திக்க ஆட்களை நியமித்தது. 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தது. அவர்கள் வாழ்ந்த பென்சில்வேனியாவில் படிப்படியான விடுதலைக்கான சட்டம் 1780இல் வந்தது.

திருச்சபை எப்போதும் இப்படியே நடந்தது என்று நான் சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும். அதே அமெரிக்காவில், அடிமைகளை வைத்திருப்பவர்களும் மிஷனெரிகளாகலாமா என்ற விவாதத்தின்மேல் 1845இல் பாப்டிஸ்டு சபையினர் பிளவுபட்டு, தென் மாநிலத்தார் தங்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். தேவன் மனுஷஜாதியான சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணினார் என்ற வசனம் அவர்களுடைய வேதாகமத்திலும் இருந்தது. இருந்தும் தங்கள் தோட்டங்களின் இலாபத்தையே தேவனுடைய ஒழுங்கு என்று பிரசங்கித்தார்கள். அந்தச் சங்கம் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 1995இல். இங்கே மாறவேண்டியதாய் இருந்தது தேசத்தின் விழுமியம் மட்டுமா? அதைப் பாதுகாத்து நின்ற சபையின் விழுமியமும் மாறவேண்டியிருந்தது. ஆகவே ஒரு பழைய வழக்கம் அழிகிறதென்று நாம் கலங்கும்போது, அது தேவனுடைய கட்டளையா, அல்லது நமக்கு வசதியாயிருந்த ஓர் ஏற்பாடா என்று முதலில் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சட்டத்தையே முதற்கருவியாகப் பிடித்ததற்கும் உதாரணம் உண்டு. கணவனின் குடியால் சீரழிந்த வீடுகளைக் கண்டு மனம் பொறுக்காத கிறிஸ்தவப் பெண்களும் போதகர்களும் பல்லாண்டு போராடி, அமெரிக்க அரசியல் சாசனத்தில் மதுவிலக்கைச் சேர்க்கச் செய்தார்கள். 1920இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் 1933இல் நீக்கப்பட்டது. அந்தச் சாசனத்தில் முழுவதுமாக நீக்கப்பட்ட திருத்தம் அது ஒன்றே. அவர்களுடைய நோக்கத்தில் குறையில்லை. நெறியை ஏற்காத பெருந்திரள் ஜனத்தின்மேல் சட்டம் மட்டும் ஏறி உட்கார்ந்தபோது, கள்ளச்சாராய வியாபாரிகள் செழித்தார்கள்.

இப்படிச் சொல்வதால் சட்டம் வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பலவீனனை அடிக்கும் கையைச் சட்டம்தான் தடுத்து நிறுத்த முடியும்; அடிக்கிறவன் மனந்திரும்பும்வரை அடிபடுகிறவன் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் இதை நன்றாக அறிந்திருந்தார். 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறைக்குள், பொறுமையாயிருக்கச் சொன்ன எட்டு மதத்தலைவர்களுக்குச் செய்தித்தாளின் ஓரங்களில் பதில் எழுதத் தொடங்கியபோது, நீதியற்ற சட்டம் சட்டமே அல்ல என்ற, பழைய திருச்சபைப் போதகர் அகுஸ்தினாரின் கருத்தை எடுத்துக்காட்டி, தேவனுடைய பிரமாணத்தோடு ஒத்துப்போகாத மனிதச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பதை நியாயப்படுத்தினார். ஆனால் அந்த மறுப்பை வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனதோடு செய்யவேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். எழுதியவர் சிறைக்குள் இருந்தார் என்பதால்தான் அந்தச் சொற்களுக்கு அவ்வளவு பாரம். சிசுக்கொலைக்கு முடிவுகட்டிய ஆதி விசுவாசிகளை அவரும் அந்தக் கடிதத்தில் நினைவுகூருகிறார்.

கருவிலிருக்கும் உயிரைப் பற்றியும், மரணப்படுக்கையிலிருக்கும் முதியோரைப் பற்றியும், குடும்பத்தைப் பற்றியும் இன்று பல நாடுகளில் சபைகள் அரசுக்கு மனுக்கள் எழுதுகின்றன. அவற்றில் பலவற்றின் கருத்தோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் மனுவை வாசிக்கும் அதிகாரி, உங்கள் சபை இதுவரை எத்தனை பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தது, திருமணமாகாமல் தாயான பெண்ணுக்கு உங்கள் ஆராதனையில் எந்த வரிசையில் இடம் கொடுத்தீர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவரோடு இரவில் முறைவைத்து உட்காருகிறவர்கள் யார் என்று கேட்டால், நம்மிடம் பதில் இருக்க வேண்டும். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவக்கும் என்று பேதுரு எழுதியிருக்கிறார். எனவே இங்கே வந்திருக்கும் சபைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த மனுவை நீங்கள் எழுதும்போது, அரசு என்ன செய்யவேண்டும் என்ற பத்திக்கு மேலே, இந்த ஆண்டில் உங்கள் சபை தன் கைப்பணத்திலிருந்தும் தன் நேரத்திலிருந்தும் எதைச் செய்யப்போகிறது என்று ஒரு பத்தி எழுதி, அதன் கீழே உங்கள் பெயர்களைக் கையொப்பமிடுங்கள்.