டியூபைப் பிதுக்கினால் ஓவியமா? ('தெருவே' அணியின் பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இருக்கறது கொஞ்ச நேரம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இந்தோனேசியாவின் அஃபாண்டியை ஓவியனாக்கியது ஓவியப் பள்ளியா, தெருவா? தெருதான். ஜாவாத் தீவுல இருக்கிற சிரெபோன்ல 1907இல் பிறந்தவர். பண்டுங் நகரத்துல சினிமாக் கொட்டகையில டிக்கெட் கிழிச்சார், பட விளம்பரம் வரைஞ்சார். "சாந்திநிகேதனுக்குப் போனாரே"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. போனார், 1949இல், உதவித்தொகையோட. அவர் படங்களைப் பார்த்ததும், இனி கத்துக்க ஒண்ணுமில்லைன்னு அங்கேயே சொல்லிட்டாங்க. அந்தப் பணத்துல இந்தியாவைச் சுத்தி வரைஞ்சார். படிப்பு வேண்டாம்னு திருப்பி அனுப்பின பள்ளிக்கூடத்துக்கு மார்க் போடச் சொல்றீங்களேம்மா!

இப்ப 1945, ஜகார்த்தா. சுதந்திரம் அறிவிச்சாச்சு, டச்சுக்காரன் திரும்பி வரப்போறான். ஜனங்களைத் தட்டி எழுப்ப ஒரு சுவரொட்டி வேணும். சங்கிலியை அறுத்துக்கிட்டு ஒருத்தன் நிக்கணும், கையில சிவப்பு வெள்ளைக் கொடி. யோசனை நாட்டுத் தலைவர் சுகர்ணோவுடையது. வரைஞ்சது அஃபாண்டி. மாடலா நின்னவர் துல்லா, அவரும் ஓவியர். படம் ரெடி. வாசகம்? வாசகம் இல்லை. அப்போ வந்து சேர்றார் கவிஞர் ஷைரில் அன்வர். ஒரு வரி கேட்டாங்க. மனுஷன் யோசிக்கவே இல்லை. "பூங், ஆயோ பூங்!" அதாவது, "அண்ணே, வாங்கண்ணே!"

ஆஹா, என்ன வீரம்னு கைதட்டாதீங்க. அந்த வரி எங்கேருந்து வந்தது தெரியுமா? ஜகார்த்தாவுல செனென்னு ஒரு வட்டாரம். அந்தக் காலத்துல அந்தி சாய்ஞ்சா அங்கே நின்ன பெண்கள், போற வர ஆம்பளைங்களைக் கூப்பிட்ட குரல் அது. பின்வரிசைக்குக் கேட்கலை போல, இன்னொரு தடவை சொல்றேன். "அண்ணே... வாங்கண்ணே..." கேட்டுதா? முன்வரிசைப் பெரியவர் ஏன் தலையைக் குனியறார்? அந்தக் குரலைத்தான் சங்கிலி அறுக்கிறவன் பக்கத்துல எழுதினாங்க. ஓவியர்கள் ராத்திரி பகலா கையாலேயே நகல் எடுத்து ஊர் ஊரா அனுப்பினாங்க. ஒரு தேசமே அந்தக் குரலைக் கேட்டுப் போருக்குக் கிளம்புச்சு! வரி கவிஞருடையது, கோடுதான் அஃபாண்டியுடையதுன்னு எதிரணி துள்ளும். துள்ளட்டும். எந்த ஓவியக் கல்லூரிப் பாடத்துல ஐயா செனென் இருக்கு?

அடுத்து, எதிரணி அண்ணன் ஒரு கிண்டல் அடிச்சார். "வண்ண டியூபைப் பிதுக்கி விரலால இழுத்தா ஓவியமா? என் பேரன் பல் தேய்க்கிற பேஸ்ட்ல தினம் பண்றான்"னு. அண்ணே, பேரன் பண்ணினதைத் தண்ணியை ஊத்திக் கழுவிடலாம். எண்ணெய் வண்ணத்துல அது நடக்காது.

பென்சில் தேடிக் கிடைக்காத அவசரத்துல, டியூபிலிருந்தே நேரா கோடு போட்டவர் அஃபாண்டி. அப்புறம் அதுவே அவர் வழி. பிரஷ் இல்லை. கட்டைவிரல் அழுத்துற அளவுக்குக் கோடு தடிக்கும். விரலால, உள்ளங்கையால, மணிக்கட்டால தேய்ச்சுப் பரப்பணும். ஈரத்துமேல நாலைஞ்சு நிறம் ஏறிட்டா எல்லாம் சேறு. சரியான நொடியில கையை எடுக்கணும். அதனாலதான் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல முடிச்சார். சாதாரண ஓவியர் முதல்ல வண்ணத்தை இளக்குற டர்பன்டைன் கலந்து மெல்லிசாப் பூசி, எண்ணெய் மிகுந்த வண்ணத்தை மேலே வைப்பார். இவர் தடிச்சதையே முதல்ல வைப்பார். எண்ணெய் வண்ணம் தண்ணி மாதிரி ஆவியாகி உலர்றதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுது. மேலே தோல் கட்டும், உள்ளே மாசக்கணக்கா பிசுபிசுக்கும். அவசரப்பட்டு ரெண்டு படத்தை முகத்தோட முகம் அடுக்கினா ஒட்டிக்கும். சுருட்டினா வண்ண மேடு வெடிச்சு உதிரும். பேரனை ஒரு கேன்வாஸ் முடிக்கச் சொல்லுங்க, அண்ணே, நானே வந்து மாலை போடறேன்!

அந்தக் கை ஓவியத்தோட நிக்கலை. தன்னையும் மகள் கார்த்திகாவையும் சிலையா வடிச்சுது. யோக்யகார்த்தாவுல காஜா வோங் ஆற்றங்கரையில வாழையிலை வடிவக் கூரையோட வீட்டையும் தானே வடிவமைச்சார். 1974இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. பட்டம் பின்னாடி வந்தது, கவனிங்க.

சிரிச்சது போதும். ஜப்பானியர் ஆட்சிக்காலம், பஞ்சம். ஒரு பிச்சைக்காரர் வீட்டு வாசலுக்கு வர்றார். அவரை ஒரே தாள்ல மூணு தடவை வரைஞ்சார் அஃபாண்டி. வர்றார், காத்திருக்கார், போறார். அவ்வளவுதான் படம். அந்தப் போற முதுகைப் பாருங்க ஐயா. அது பசியோட முதுகு. 1990 மே 23இல் அஃபாண்டி போனார். அந்த ஆற்றங்கரை வீட்டிலேயே அடக்கம், பக்கத்துல மனைவி மர்யாத்தி. நடுவர் ஐயா, அந்தப் பிச்சைக்காரரோட முதுகை நினைச்சுக்கிட்டுத் தீர்ப்பு எழுதுங்க. வாதமெல்லாம் எதிரணியே வச்சுக்கட்டும்.

மணி அடிச்சாச்சு. உட்கார்றேன்.