எதை அழிப்பது, எதை விடுவது?

அனைவருக்கும் வணக்கம்.

மதமும் தேச எல்லையும் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் பலரும் மனதுக்குள் ஒரு ரப்பரைக் கையில் எடுத்துவிடுவார்கள். வரைபடத்தில் உள்ள கோடுகளை அழிப்பது, அப்புறம் வழிபாட்டு இடங்களைப் பூட்டுவது, அவ்வளவுதான் வேலை என்று. இருபது வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கனவு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லையைப் பார்ப்போம். பாஸ்போர்ட் இல்லாமல் நாடு தாண்ட முடியாது என்பது காலங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு போலத் தோன்றுகிறது. அப்படி இல்லை. முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மக்கள் பாஸ்போர்ட் இல்லாமலேயே போய் வந்தார்கள். போர்க்காலப் பயத்தில் வந்த கட்டுப்பாடு அது. போர் முடிந்தது, கட்டுப்பாடு தங்கிவிட்டது. 1920இல் பாரிஸில் நாடுகள் கூடி, பாஸ்போர்ட் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்றே முடிவு செய்தன. நூறு வருடப் பழக்கத்தை நாம் இயற்கை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மதமும் எல்லையும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1947ஐவிடக் கொடிய பாடம் எனக்குத் தெரியவில்லை. சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். எந்த இடத்தில் எந்த மதத்தவர் அதிகம் என்ற கணக்குதான் கோட்டுக்கு அடிப்படை. ஆகஸ்ட் 15 அன்று மக்கள் சுதந்திரத்தைக் கொண்டாடினார்கள். கோடு வெளியானதோ 17 அன்று. தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே இரண்டு நாள் வாழ்ந்திருக்கிறார்கள்! ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்த மக்களில் யாரும் தன் மதத்தையோ பிறந்த ஊரையோ தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, மதத்தையே ஒழித்துவிட்டால்? அதையும் ஒரு நாடு செய்து பார்த்தது. 1967இல் அல்பேனியா தன்னை நாத்திக நாடு என்று அறிவித்தது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஒரு பாதிரியாரின் உயிரையே எடுத்தார்கள். நம்பாதவரை ஒரு காலத்தில் அடித்த அதே கோல், இப்போது நம்பியவரை அடித்தது. 1990இல் தடை விலகியதும் மக்கள் மறுபடி கூடித் தொழுதார்கள். நான் கடவுளை நம்புகிறவன் அல்ல. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் கைகூப்பி நிற்கும்போது, அந்தக் கைகளைப் பிரித்துவிடும் உலகம் எனக்கு வேண்டாம். என் கோபம் அந்தக் கோலின் மேல்தான்.

எல்லைக்கும் இதைத்தான் சொல்வேன். எல்லை இல்லாவிட்டால் யார் வரி வாங்குவது, எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாவட்டத்துக்கு மாவட்டமும்தான் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டுகிறவரை யாரும் சுடுவதில்லையே. மூன்று பெரும் போர்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்த பிரான்சும் ஜெர்மனியும், இன்னும் மூன்று நாடுகளோடு சேர்ந்து, 1985இல் ஷெங்கன் என்ற சிற்றூரில், தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனையைக் கைவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பத்து வருடம் கழித்து எல்லைச் சோதனை நின்றது. கோடு அப்படியேதான் இருக்கிறது. பார்லே என்ற ஊரில் பெல்ஜியம், நெதர்லாந்து எல்லை சில வீடுகளுக்கு உள்ளேயே ஓடுகிறது. வாசல் எந்தப் பக்கமோ வீடு அந்த நாட்டைச் சேர்ந்தது என்பது அங்குள்ள வழக்கம். ஒரே வீட்டுக்குள் நாடு விட்டு நாடு நடக்கிறார்கள்.

ஷெங்கன் நாடுகள் உள்வாசலைத் திறந்துவிட்டு வெளிவாசலை இறுக்கிக்கொண்டன என்பதும் உண்மை. மத்தியதரைக் கடலில் மூழ்கிப்போகிறவர்களை மறந்துவிட்டு என்னால் ஷெங்கனைப் புகழ முடியாது.

அதனால் கடைசியாக ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த லட்சக்கணக்கானோரின் குடியுரிமையை சோவியத் அரசு பறித்தபோது, அவர்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். நார்வேக்காரரான நான்சென், துருவப் பயணங்களுக்குப் பேர்போனவர், 1922இல் அவர்களுக்காக ஓர் அடையாளத் தாளைக் கொண்டுவந்தார். நாடற்றவர் கையிலிருந்த அந்தத் தாளை 50க்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றுக்கொண்டன. இன்று உலகில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் விரட்டப்பட்டு அலைகிறார்கள். பலர் சொந்த நாட்டுக்குள்ளேயே. மற்றவர்கள் அயல்நாடுகளிலும் எல்லை வாசல்களிலும். எங்கே பிறந்தாய், யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்காமல் அவர்களை உள்ளே விடும் ஒரு தாளை நம் அரசுகளிடம் கேட்போம். என் கனவு உலகத்துக்கான வேலையை நான் அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.