விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவரை அமெரிக்கா எப்படிச் சோதிக்கிறது?

[திரையில்: புளோரிடா கடற்கரை ஊர் ஒன்றின் சின்ன விமான நிலையம். வரிசையாக நிற்கும் செஸ்னா விமானங்கள்.]

2002 மார்ச் 11. புளோரிடாவில் வெனிஸ் என்ற ஊரில் இருந்த ஹஃப்மன் ஏவியேஷன் என்ற விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அமெரிக்கக் குடிவரவுத் துறையிடமிருந்து தபால் வருகிறது. உங்களிடம் படிக்கும் இந்த இருவரும் மாணவர் விசா அந்தஸ்துக்கு மாற அனுமதி கொடுத்தாயிற்று என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த இருவரின் பெயர் முகமது அட்டா, மர்வான் அல் ஷெஹி.

ஆமாம், அவர்களேதான். சரியாக ஆறு மாதத்துக்கு முன்னால், 2001 செப்டம்பர் 11 அன்று, உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களிலும் ஆளுக்கு ஒரு விமானத்தைக் கொண்டுபோய் மோதியவர்கள்.

இது எப்படி நடந்தது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இருவரும் 2000ஆம் ஆண்டு பார்வையாளர்களாக அமெரிக்காவுக்கு வந்தார்கள், ஜூலையில் பள்ளியில் சேர்ந்தார்கள், செப்டம்பரில்தான் மாணவர் அந்தஸ்து கேட்டு விண்ணப்பித்தார்கள், டிசம்பருக்குள் வணிக விமானி உரிமமே வாங்கி முடித்துவிட்டார்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வந்தது 2001 ஜூலை, ஆகஸ்டில். அதாவது படிப்பு முடிந்து அரை வருடம் கழித்து, படிக்கலாம் என்று அனுமதி. அந்தத் தாளும் கென்டக்கியில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் அடுக்கில் கிடந்து, செத்துப்போனவர்களின் பெயரைத் தாங்கிக்கொண்டு 2002 மார்ச்சில்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அன்றைய அதிபர் புஷ் கொதித்துப்போனார்.

இந்த வீடியோவில் நான் பேசப்போவது, அதற்கப்புறம் அமெரிக்கா விமானப் பள்ளி மாணவர்களைச் சோதிக்க என்ன ஏற்பாடு செய்தது, அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதைப் பற்றி. அதற்கு முன்னால் இன்னொரு பள்ளிக்குப் போய் வரவேண்டும்.

[திரையில்: மினசோட்டா, ஈகன் நகரம். போயிங் 747 சிமுலேட்டரின் உட்புறம்.]

2001 ஆகஸ்ட். மினசோட்டாவில் பான் ஆம் இன்டர்நேஷனல் ஃப்ளைட் அகாடமி. வேலையில் இருக்கும் விமானிகள் பெரிய ஜெட்டுக்கு மாற வரும் இடம் அது. அங்கே சகாரியாஸ் மூசாவி என்ற பிரெஞ்சுக்காரர் (அல் கொய்தா ஆள் என்பது பின்னால்தான் தெரிந்தது) வந்து, 747-400 சிமுலேட்டரில் பயிற்சி வேண்டும் என்று 6,800 டாலரை ரொக்கமாக எடுத்து வைக்கிறார். அதற்கு முன் ஒக்லஹோமாவில் சின்ன விமானத்தில் சுமார் 50 மணி நேரம் பறந்திருக்கிறார், ஆனால் ஒருமுறைகூட அவரைத் தனியாகப் பறக்கவிடும் நிலைக்கு வரவில்லை. விமான கம்பெனியில் வேலை பார்க்கும் எண்ணமும் இல்லையாம், சும்மா ஒரு ஆசைக்காகவாம்.

இந்த இடத்தில் ஒரு கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "எனக்கு விமானத்தை ஏற்றவும் இறக்கவும் கற்றுத்தர வேண்டாம், நடுவானில் ஓட்ட மட்டும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டாராம், அதனால்தான் மாட்டினாராம் என்று. அது பொய். 9/11 விசாரணை ஆணையத்தின் அறிக்கையே அதை மறுக்கிறது. அவர் கேட்டது அதற்கு நேர்மாறு: 747ஐ மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கற்றுக்கொடுங்கள் என்றுதான். சைக்கிளில் பாலன்ஸ் வராதவர் வந்து ரயில் எஞ்சின் ஓட்டக் கேட்ட மாதிரி இருந்ததுதான் பயிற்றுநருக்கு உறுத்தியது. பள்ளி ஆட்கள் எஃப்.பி.ஐக்குப் போன் போட்டார்கள். ஆகஸ்ட் 16 அன்று குடிவரவு விதிமீறல் என்று சொல்லி மூசாவியைக் கைது செய்தார்கள். அவருடைய லேப்டாப்பைத் திறந்து பார்க்க உள்ளூர் எஃப்.பி.ஐ அதிகாரிகள் எவ்வளவோ முட்டி மோதியும் தலைமையகம் இசையவில்லை, செப்டம்பர் 11க்கு அப்புறம்தான் அது திறக்கப்பட்டது. அதே வருடம் ஜூலையில் ஃபீனிக்ஸிலிருந்து இன்னொரு எஃப்.பி.ஐ அதிகாரி, விமானப் பள்ளிகளில் சேர்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று எழுதிய குறிப்பும் அப்படியே கிடந்தது.

ரெண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெனிஸில் காகிதம் எல்லாவற்றையும் அனுமதித்தது. ஈகனில் காகிதம் எதையும் சொல்லவில்லை, ஒரு மனுஷனின் மூக்குதான் வாசனை பிடித்தது. ஆனால் சட்டம் போடும்போது மூக்குக்குச் சட்டம் போட முடியாது, காகிதத்துக்குத்தான் போட முடியும். சரி, போட்டார்கள்.

2001 நவம்பரில் வந்த விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம், 12,500 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள விமானத்தில் பயிற்சி எடுக்க வரும் வெளிநாட்டவரை முதலில் அமெரிக்க நீதி அமைச்சகம் சோதிக்கவேண்டும் என்றது. 12,500 பவுண்டு என்றால் சுமார் 5,670 கிலோ. செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் முழு எடையே 1,150 கிலோ பக்கம்தான் வரும். அட்டாவும் ஷெஹியும் மாதக்கணக்கில் பழகியது சின்ன விமானங்களில், பெரிய ஜெட் சிமுலேட்டருக்குப் போனது கடைசியில்தான். அப்படியென்றால் அவர்கள் போன வழியில் பெரும்பகுதி இந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை! 2003 டிசம்பரில் இன்னொரு சட்டம் போட்டு, சின்ன விமானங்களையும் சேர்த்து, சோதிக்கும் வேலையைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ கையில் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் ஷூவைக் கழற்றச் சொன்னவர்கள், அதே டி.எஸ்.ஏதான். 2004 செப்டம்பரில் அவர்களுடைய விதி வந்தது. அதன்பின் இருபது வருடம் தட்டுத்தடுமாறி ஓடி, 2024 ஜூலை 30 முதல் திருத்திய விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது.

[திரையில்: மைத்தடவிய விரல், லாக்புக், பாஸ்போர்ட்.]

இப்போது நடைமுறையில் என்ன நடக்கிறது? நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாகக் கிரீன் கார்டோடு அங்கேயே இருந்தாலும் இந்தக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டவர்தான், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். டி.எஸ்.ஏயின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, பாஸ்போர்ட், விசா விவரங்களை ஏற்றி, கைரேகை கொடுத்து, கட்டணம் கட்டவேண்டும். அவர்கள் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, குற்றப் பின்னணி இருக்கிறதா, குடிவரவு நிலை ஒழுங்காக இருக்கிறதா. அது முடிந்து, பயிற்சி தொடங்க வரும் அன்று பள்ளி உங்களைப் புகைப்படம் எடுத்து அனுப்பவேண்டும். சோதனைக்குப் போனவரும் காக்பிட்டில் வந்து உட்காருபவரும் ஒரே ஆள்தானா என்பதற்கு.

பழைய விதியில் பெரிய தலைவலி, ஒவ்வொரு பயிற்சிக்கும் புதிதாக விண்ணப்பம். முதல் உரிமத்துக்கு ஒருமுறை 130 டாலர், மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு இன்னொரு முறை, இரட்டை எஞ்சினுக்கு மறுபடி. அதே ஆள், அதே விரல், அதே ரேகை. இப்போது ஒரு சோதனை 140 டாலர், ஐந்து வருடம் வரை செல்லும், பள்ளி மாறினாலும் அதையே பயன்படுத்தலாம். இத்தனை வருடம் ஏன் பிடித்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சிமுலேட்டருக்கும் இதெல்லாம் உண்டு. பலூனுக்கும் கிளைடருக்கும் கிடையாது. ஆசைக்கு அரை மணி நேரம் பறந்து பார்க்கும் அறிமுகப் பயணத்துக்கும் கிடையாது.

அமெரிக்கக் குடிமகனாக இருந்தால்? டி.எஸ்.ஏ விண்ணப்பம் வேண்டாம். பாஸ்போர்ட்டையோ பிறப்புச் சான்றிதழோடு புகைப்பட அடையாள அட்டையையோ காட்டினால், பயிற்றுநர் பார்த்துவிட்டு, பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடலாம், அல்லது நகல் எடுத்து ஐந்து வருடம் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதற்கென்று குடிமகனை யாரும் சோதிப்பதில்லை என்று நினைக்கவேண்டாம், அது வேறு வாசலில் நடக்கிறது. முன்பெல்லாம் மாணவர் விமானி சான்றிதழை உடல் பரிசோதனை செய்யும் மருத்துவரே, மருத்துவச் சான்றிதழோடு சேர்த்து அங்கேயே கையில் கொடுத்துவிடுவார். 2016 ஏப்ரல் 1 முதல் அது மாறியது. இப்போது விமானி உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏவுக்கு விண்ணப்பித்து, டி.எஸ்.ஏ பெயரைச் சரிபார்த்த பிறகுதான் அட்டை வரும். ஆனால் அந்த அட்டை தனியாகப் பறக்கத்தான் தேவை. பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்திருக்கும்வரை அது இல்லாமலேயே எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

பள்ளி என்றதும் பெரிய கட்டடம், வரவேற்பறை என்று கற்பனை செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஏராளமான பயிற்றுநர்கள் தனி ஆட்கள். சொந்த விமானம்கூட இருக்காது, மாணவரின் விமானத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த ஒற்றை ஆளும் ஒரு பயிற்சி நிறுவனம்தான். அவரே ஆவணம் பார்க்கவேண்டும், பதிவு வைக்கவேண்டும், பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியும் எடுக்கவேண்டும். அந்தப் பயிற்சி முன்பு வருடத்துக்கு ஒருமுறை, இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. என்னைக் கேட்டால் இந்த முழு ஏற்பாட்டிலும் ஈகன் பள்ளியின் சாயல் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். மாணவரிடம் எது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, அப்படித் தோன்றினால் யாரிடம் சொல்வது என்று அதில் சொல்லித் தருகிறார்கள். மூக்கைத் தீட்டும் வேலை.

சரி, ஓட்டைகளுக்கு வருவோம்.

2010இல் பாஸ்டன் பக்கம் போக்குவரத்து விதிமீறலுக்காகப் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. ஓட்டி வந்தவர் ஒரு விமானப் பள்ளியின் உரிமையாளர். விசாரித்தால், அவரே சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர். அவருடைய பள்ளியைத் தோண்டியபோது குடிவரவு விதியை மீறிய 25 வெளிநாட்டு மாணவர்கள் வெளியே வந்தார்கள். 8 பேர் எல்லையில் சோதனையே இல்லாமல் நுழைந்தவர்கள், 17 பேர் விசா முடிந்தும் தங்கியவர்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் தணிக்கை அமைப்பு ஜி.ஏ.ஓ 2012இல் இதைப் புட்டுப்புட்டு வைத்தது. அவர்களில் எவரும் பயங்கரவாதி என்று அங்கே சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், கணினிகள் பெயரைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தபோது இதை வெளியே கொண்டுவந்தது சாலையில் நின்ற ஒரு போலீஸ்காரர்.

அடுத்தது டாம்பா. 2002 ஜனவரி 5. பதினைந்து வயதுப் பையன், அமெரிக்கக் குடிமகன், விமானப் பள்ளி மாணவன். புறப்படுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதித்து வை என்று பயிற்றுநர் சொல்லிவிட்டுப் போக, அவன் தனியாகவே கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டான். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் துரத்திப் போய்க் கீழே இறங்கு என்று சைகை காட்டியும் கேட்கவில்லை. டாம்பாவில் பாங்க் ஆஃப் அமெரிக்கா கட்டடத்தின் 28ஆவது மாடியில் மோதினான். செத்தது அவன் ஒருவன் மட்டும், அன்று சனிக்கிழமை. பின் லேடனுக்கு ஆதரவாக எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்தது.

இப்போது சொன்ன எந்த வெளிநாட்டவர் சோதனையும் அந்தப் பையனைத் தொட்டிருக்காது. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பள்ளிகளுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளைக் கேட்டால் வீட்டில் ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைக்கும் அம்மா சொன்ன மாதிரி இருக்கும்: மாணவனிடம் சாவியைத் தனியாக விடாதே, வந்ததும் ஒரு பெரியவரிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் விமானத்துக்குப் போகச் சொல், எஞ்சினைக் கிளப்பும் சாவியையும் கதவுச் சாவியையும் பிரித்து வை. எளிமையாக இருக்கிறது என்று இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, கைரேகை செய்யாத வேலையை இது செய்யும்.

மூன்றாவது பென்சகோலா. 2019 டிசம்பர் 6, புளோரிடாவில் இருக்கும் கடற்படை விமானத் தளம். அங்கே பயிற்சியில் இருந்த சவூதி விமானப்படை அதிகாரி வகுப்பறைக் கட்டடத்தில் துப்பாக்கியால் சுட்டு மூன்று பேரைக் கொன்றார். ராணுவத்தின் வழியாக வரும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் டி.எஸ்.ஏ சோதனைக்குள் வருவதில்லை, அது பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. விமானம் ஓட்ட வந்தவர் விமானத்தைத் தொடாமல், வேட்டை உரிமம் காட்டிச் சட்டப்படி வாங்கிய கைத்துப்பாக்கியைப் பயன்படுத்தினார். விசாரணைக்குப் பின் 21 சவூதிப் பயிற்சியாளர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள், பாதுகாப்புத் துறை தன் சோதனை முறையை இறுக்கியது.

அப்படியானால் டி.எஸ்.ஏ சோதனை வீணா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண்காணிப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவர் தன் சொந்தப் பெயரில் கைரேகை கொடுத்துவிட்டு உள்ளே வரத் துணியமாட்டார், அது ஒரு பூட்டுதான். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவரை அந்தப் பூட்டு ஒன்றும் செய்யாது. அவர் எதிரே உட்கார்ந்து, இந்த ஆள் கேட்கிற கேள்வி ஏன் இப்படி இருக்கிறது என்று யோசிக்க ஒரு பயிற்றுநர் வேண்டும், அவர் போன் செய்தால் எடுத்து விசாரிக்க மறுமுனையில் ஒருவர் வேண்டும். ஈகனில் முதலாமவர் இருந்தார். மூசாவியின் பயிற்றுநருக்கு அமெரிக்க அரசு பிற்பாடு 50 லட்சம் டாலர் பரிசு கொடுத்தது. முதலில் எஃப்.பி.ஐக்குப் போன் போட்ட சக ஊழியர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு இல்லை, அவர்கள் வருத்தப்பட்டதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

[திரையில்: எஃப்.ஏ.ஏ விமானி உரிமம், பிளாஸ்டிக் அட்டை.]

போவதற்கு முன் இந்த அட்டையைப் பார்த்துவிடுங்கள். இத்தனை கைரேகையும் புகைப்படமும் கடந்து வாங்கும் விமானி உரிமம் இது. உரிமத்தில் விமானியின் படம் இருக்கவேண்டும் என்று 2004லேயே காங்கிரஸ் சட்டம் போட்டது. அட்டையில் படம் இருக்கிறது, ரெண்டு பேருடைய முகம் இருக்கிறது. ரைட் சகோதரர்கள். விமானியின் முகத்தைப் பார்க்கவேண்டுமானால் அவருடைய டிரைவிங் லைசென்ஸையோ பாஸ்போர்ட்டையோதான் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும்.