81 சதவீதம் எகிறிய எஸ்டிமேட்: மூட வேண்டிய ஏவுகணைத் திட்டம் எப்படிப் பிழைத்தது?

[திரையில்: அமெரிக்க வரைபடம். வயோமிங், மொன்டானா, வட டகோட்டா, நெப்ராஸ்கா, கொலராடோ என ஐந்து மாநிலங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன]

2024 ஜூலை 8. அமெரிக்க பாதுகாப்புத் துறையின் கொள்முதல் பிரிவுக்குத் தலைவராக இருந்த வில்லியம் லப்ளான்ட் ஒரு முடிவை அறிவித்தார். சென்டினல் என்ற அணு ஏவுகணைத் திட்டத்துக்கு 2020-ல் போட்ட எஸ்டிமேட் 7,770 கோடி டாலர். இப்போது கணக்குப் பார்த்தால் 14,090 கோடி டாலர் வருகிறது. 81 சதவீதம் கூடுதல். இருந்தாலும் திட்டம் தொடரும் என்றார்.

செலவு கூடியது பெரிய செய்தி இல்லை. ராணுவத் திட்டம் எந்த நாட்டில்தான் சொன்ன விலைக்குள் முடிந்திருக்கிறது? இங்கே விஷயம் வேறு. செலவு இவ்வளவு எகிறிய திட்டத்தை மூடிவிட வேண்டும் என்பதுதான் அமெரிக்கச் சட்டத்தின் இயல்பான நிலை. தொடர வேண்டுமென்றால், ஏன் தொடர வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத்தான் லப்ளான்ட் அன்று நிறைவேற்றினார்.

அப்படி ஒரு கடுமையான சட்டம் எப்படி வந்தது, அது உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

[திரையில்: 1982]

ரீகன் ஆட்சிக்கு வந்ததும் ராணுவத்துக்குப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. கூடவே ஆயுதங்களின் விலையும் ஏறியது. நாடாளுமன்றத்துக்கு அது தெரியவந்தபோது பாதிப் பணம் செலவாகி முடிந்திருக்கும். அப்புறம் என்ன செய்வது? ஜார்ஜியா மாநில செனட்டர் சாம் நன், ஒக்லஹோமாவிலிருந்து வந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டேவ் மெக்கர்டி, இந்த இருவரும் கொண்டுவந்த திருத்தம்தான் நன்-மெக்கர்டி சட்டம்.

சட்டம் மொத்தச் செலவைப் பார்ப்பதில்லை, ஒரு யூனிட்டின் விலையைப் பார்க்கிறது. ஆராய்ச்சி, தயாரிப்பு, கட்டுமானம் எல்லாவற்றையும் கூட்டி, வாங்கப்போகும் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அந்த விலை. கடைசியாக ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட்டைவிட அது 15 சதவீதம் கூடினால் நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 25 சதவீதம் தாண்டினால் அது 'கிரிட்டிகல்' மீறல். மூடுவதா, சான்று கொடுப்பதா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

எண்ணிக்கையால் வகுப்பதில் ஒரு வினோதமும் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஸூம்வால்ட் ரகப் போர்க்கப்பல் 32 கட்டப்போவதாகச் சொல்லிவிட்டு 3 போதும் என்று நிறுத்திக்கொண்டது. அத்தனை கப்பல்களுக்குமாகச் செய்த ஆராய்ச்சிச் செலவு மூன்றே கப்பல்களின் தலையில் விழுந்தது. மொத்தச் செலவு குறைந்தும், 2010-ல் அது கிரிட்டிகல் மீறல் ஆனது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. என் கணக்கில் இந்தச் சட்டத்தின் வரலாற்றிலேயே சுவாரசியமான பகுதி இதுதான். அளவுகோல் 'கடைசியாக ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட்' என்றால், எஸ்டிமேட்டையே திருத்திக்கொண்டே போனால் போதுமே! விலை 14 சதவீதம் ஏறியதும் புது எஸ்டிமேட், மறுபடி 14 சதவீதம், மறுபடி புது எஸ்டிமேட். இப்படியே போய் விலை இரட்டிப்பானாலும் எச்சரிக்கை மணி அடிக்காது. இந்த வித்தை 2006-ல்தான் அடைபட்டது. முதன்முதலில் போட்ட எஸ்டிமேட்டோடும் ஒப்பிட வேண்டும், அதைவிட 30 சதவீதம் கூடினால் தகவல், 50 சதவீதம் கூடினால் கிரிட்டிகல் என்று நாடாளுமன்றம் விதியைத் திருத்தியது.

சரி, மணி அடித்தால் திட்டங்கள் சாகின்றனவா? பெரும்பாலும் இல்லை. ஜிஏஓ என்றொரு அமைப்பு இருக்கிறது. நம்ம ஊர் சிஏஜிக்கு நிகரானது, நாடாளுமன்றத்துக்காக வேலை செய்வது. 2011-ல் அது எடுத்த கணக்குப்படி, 1997-லிருந்து 47 பெரிய திட்டங்களில் 74 மீறல்கள். அதில் 39 கிரிட்டிகல். செத்தவை மிகச் சில. 2008-ல் ராணுவத்தின் ஆயுதமேந்திய உளவு ஹெலிகாப்டர் திட்டம் அப்படி மூடப்பட்டது. ஒன்று சுமார் 85 லட்சம் டாலர் என்று ஆரம்பித்து 1.45 கோடியை நெருங்கியிருந்தது. எஃப்-35 போர் விமானம் 2010-ல் இதே வலையில் சிக்கியது. திட்ட மேலாளர் பதவி போனது, திட்டம் மட்டும் பிழைத்தது.

[திரையில்: வெற்றுத் தாள். வரிகள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன]

காரணம் அந்தச் சான்றிலேயே இருக்கிறது. இந்தத் திட்டம் தேசப் பாதுகாப்புக்கு அவசியம் என்று அமைச்சர் சொல்ல வேண்டும். அணு ஏவுகணை அவசியம் இல்லை என்று எந்த அமைச்சர் எழுதித் தருவார்? இதைவிடக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்ய வேறு வழியில்லை, புது எஸ்டிமேட் நியாயமானது, நிர்வாக அமைப்பு சரியாக இருக்கிறது என்பதெல்லாம் அடுத்தடுத்த வரிகள். இவற்றையும் எழுதிவிடலாம்.

கடிக்கும் வரி ஒன்று உண்டு. இந்தத் திட்டத்துக்குப் பணம் போவதால் எந்தெந்தத் திட்டங்கள் வெட்டுப்படுமோ, அவற்றைவிட இதுவே முக்கியம் என்று சொல்ல வேண்டும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் வேறு யாருடைய பணத்தையோ எடுக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். சென்டினலில் இந்த இடத்தை வழவழவென்று கடந்துபோனார்கள். கூடுதல் செலவில் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் ஐந்தாண்டு பட்ஜெட் திட்டத்துக்கு அப்பால்தான் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய விளக்கத்தின் சாரம்.

இப்போது சென்டினலுக்குள் கொஞ்சம் இறங்குவோம். விலை ஏறியதற்கு ஏவுகணை முக்கியக் காரணம் இல்லை. காரணம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

[திரையில்: நிலத்தின் குறுக்குவெட்டு. மேலே கோதுமை வயல், கீழே கான்கிரீட் குழாய்]

இப்போது பணியில் இருப்பது மினிட்மேன் 3 என்ற அணு ஏவுகணை. அதன் இடத்துக்கு வரவேண்டியதுதான் சென்டினல். மினிட்மேன் 3 1970-லிருந்து இருக்கிறது. 400 ஏவுகணைகள், அவற்றுக்கு 450 நிலத்தடிக் குழிகள். குழிகள் 1960-களில் கட்டியவை. பக்கத்துக் குழி மைல்கணக்கில் தள்ளி இருக்கும். நடுவே தனியார் வயலும் மேய்ச்சல் நிலமும். பத்துப் பத்து ஏவுகணைகளுக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை, அதுவும் நிலத்தடியில்தான். தடித்த இரும்புக் கதவு, அதிர்ச்சி தாங்கும் அமைப்பில் தொங்கும் ஒரு பெட்டி, உள்ளே இரண்டு அதிகாரிகள். குண்டு விழுந்தாலும் அசையக்கூடாது என்பதற்காக அப்படி. எல்லாவற்றையும் இணைப்பது பூமிக்குள் ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குப் புதைத்த செம்புக் கேபிள்.

2020-ல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது கணக்கு இப்படி: ஏவுகணை புதிது, குழிகள் பழையவை, கொஞ்சம் சீர்படுத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம். பாட்டன் கட்டிய வீட்டை இடிக்காமல் பூசி வர்ணம் அடித்தால் மலிவாக முடியும் என்று கொத்தனார் சொல்லும் கணக்குதான். சுவரை உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். 450 குழிகளும் ஒரே மாதிரி இல்லை. அறுபது வருடத் துரு, அறுபது வருடத் தண்ணீர்க் கசிவு. செம்புக் கேபிளுக்குப் பதில் ஃபைபர் கேபிள் போட வேண்டும், அதற்கு நிலச் சொந்தக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் பாதை உரிமை பேச வேண்டும். வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் தங்கவைக்க வேண்டும். நெப்ராஸ்காவில் கிம்பல் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊரின் மொத்த மக்கள்தொகைக்கு ஈடாக வெளியூர்த் தொழிலாளர் முகாம் வரும் என்ற திட்டத்தைக் கேட்டு ஊரே யோசனையில் ஆழ்ந்தது.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சிவில் வேலை. பென்டகன் தடுமாறியது சிவில் வேலையில்!

2020-ல் ஒப்புதல் கொடுத்தபோது ஏவுதளக் கட்டுமானம் பற்றிப் போதிய தெளிவு இல்லை என்பதைத் துறையே பின்னால் ஒப்புக்கொண்டது. 'மைல்ஸ்டோன் பி' என்பார்கள் அந்தக் கட்டத்தை. காகிதத்தில் இருந்த யோசனை, ஒப்பந்தமும் அதிகாரபூர்வ எஸ்டிமேட்டும் உள்ள திட்டமாக மாறும் நாள் அது. நன்-மெக்கர்டி சட்டத்தின் அளவுகோல் முழுக்க அந்த நாளின் எஸ்டிமேட்டில்தான் நிற்கிறது. அந்த எஸ்டிமேட்டே ஊகம் என்றால், பின்னால் அடிக்கும் மணி எதை அளக்கிறது?

போட்டியும் இல்லாமல் போனது. 2019-ல் போயிங் விலகிக்கொண்டது. ஏலத்தில் மிஞ்சியது நார்த்ராப் க்ரம்மன் மட்டும். 2020 செப்டம்பரில் 1,330 கோடி டாலர் ஒப்பந்தம் அவர்களுக்குப் போனது. எதிரில் ஆள் இல்லாதபோது எஸ்டிமேட்டைக் கேள்வி கேட்பதற்கு அரசுக்கு இருப்பது அதன் சொந்த ஆட்கள் மட்டுமே.

அந்தச் சொந்த ஆட்களைப் பலப்படுத்தத்தான் 2009-ல் ஒரு சட்டம் வந்தது. செனட்டர்கள் கார்ல் லெவினும் ஜான் மெக்கெய்னும் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. பென்டகனுக்குள்ளேயே தனியான செலவு மதிப்பீட்டு இயக்குநர் பதவி அப்போதுதான் உருவானது. திட்டத்தை நடத்துபவர்களின் எஸ்டிமேட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த அலுவலகம் தனியாக ஒன்று போடும். 14,090 கோடி என்ற எண்ணைக் கொடுத்தது அந்த அலுவலகம்தான். கிரிட்டிகல் மீறல் நடந்தால் மைல்ஸ்டோன் பி ஒப்புதலை ரத்து செய்ய வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. சென்டினலுக்கும் அது ரத்தானது. இது வெறும் சடங்கு இல்லை. திட்டத்தைத் திரும்ப வரைபலகைக்குக் கொண்டுபோக வைத்தது இதுதான். அப்படிப் பார்த்ததில்தான், 2025 மே மாதம், பழைய குழிகளைச் சீர்படுத்துவதைவிடப் பெரும்பாலும் புதிதாகவே தோண்டிவிடலாம் என்று விமானப்படை சொன்னது.

ஜிஏஓ இதையெல்லாம் முன்பே சொல்லவில்லையா? சொன்னது. ஆள் பற்றாக்குறை, பாதுகாப்பு அனுமதி கிடைப்பதில் தாமதம், உதிரிபாகச் சிக்கல் என்று 2023 அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் ஜிஏஓவால் பரிந்துரைக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. ஆயுதக் கொள்முதல் 1990-லிருந்து அவர்களின் 'அதிக ஆபத்து' பட்டியலில் இருந்து இறங்கவே இல்லை. 2025 அறிக்கையில் 30 பெரிய திட்டங்களின் செலவு ஒரே ஆண்டில் சேர்ந்து 4,930 கோடி டாலர் கூடியிருந்தது. அதில் சுமார் 3,600 கோடி சென்டினல் மட்டும்.

[திரையில்: இரண்டு ஆவணங்கள் பக்கம் பக்கமாக]

2025 ஏப்ரலில் டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். செலவோ காலமோ 15 சதவீதம் தாண்டிய பெரிய திட்டங்களை ரத்து செய்யலாமா என்று ஆராய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதமே, ஆயுதங்கள் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்று சுயேச்சையாகச் சோதிக்கும் அலுவலகத்தை 46 பேராகச் சுருக்கப் பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டார். அங்கே அதுவரை சுமார் 94 பேர் இருந்தார்கள். தண்டனையைக் கூட்டிவிட்டுக் கண்காணிப்பாளர்களைக் குறைத்தால், தப்பைக் கண்டுபிடிப்பது யார்? எனக்கு இது புரியவில்லை.

இதற்கிடையே மினிட்மேன் 3 இன்னும் குழிகளில்தான் இருக்கிறது. 2050 வரைகூட ஓட்ட வேண்டி வரலாம் என்று ஜிஏஓ 2025 செப்டம்பரில் எழுதியது. சென்டினலுக்கு மறுபடி மைல்ஸ்டோன் பி கொடுக்கும்போது புது எஸ்டிமேட் ஒன்று பதிவாகும். கிரிட்டிகல் மீறலுக்குப் பிறகு முதல் எஸ்டிமேட்டையும் மாற்றிக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அதாவது 2020-ன் 7,770 கோடி அளவுகோலாக இருக்காது. அடுத்த மணி அடிக்க, விலை அந்தப் புது எண்ணிலிருந்து இன்னொரு முறை ஏற வேண்டும்.