போனின் மறுமுனையில் யார்?

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், தமிழ்ப் பெரியவர்களுக்காக ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அவையில் இருக்கும் தாத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும், அவர்களைக் காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்த பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம். இன்றைய பேச்சு போனைப் பற்றியது: ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்குப் போனும் அதில் இருக்கும் ஆப்களும் எவ்வளவு உதவும் என்பது. ஆகவே யாராவது போனை நோண்டிக்கொண்டிருந்தால் இன்று மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கிளினிக் அட்டையில் ஹார்ட் ஃபெயிலியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், பலருக்கு அன்றோடு எல்லாம் முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. அப்படியல்ல. இதயம் ஓடுகிறது, உடம்பு கேட்கிற அளவுக்கு ரத்தத்தை இறைத்துத் தர அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். தன்னிடம் வரும் ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் என்ன செய்கிறது? உடம்பில் தண்ணீரே இல்லை என்று தப்புக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. சாயங்காலம் கணுக்காலில் தெரிகிற வீக்கம் அந்த நீர்தான். இரவில் படுத்தால் மூச்சு முட்டுவதும், ஒரு தலையணை போதாமல் மூன்று தேவைப்படுவதும் அதனால்தான்.

அந்த நீர் ஒரே ராத்திரியில் சேர்வதில்லை. மூச்சு முட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்குச் சில நாட்கள் முன்பே பலருக்கு எடை ஏறத் தொடங்கிவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எனவே காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், தினமும் ஒரே மாதிரி உடுப்போடு எடை பார்க்கும் ஸ்கேலில் ஏறி நிற்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அது சதை அல்ல, நீர். "ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டேன் டாக்டர், அதுதான்" என்பார்கள். சரி, பிரியாணிதான். அதில் இருந்த உப்பு பிடித்து வைத்த நீர்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆப் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான். கனடாவில், டொரோன்டோ ஆஸ்பத்திரிகளில் 'மெட்லி' என்றொரு ஆப் பயன்படுத்துகிறார்கள். எடை, பிரஷர், நாடித்துடிப்பு, மூச்சு எப்படி, வீக்கம் உண்டா என்று அது காலையில் கேட்கும். பதிலைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று நோயாளிக்குச் சொல்லும். நிலைமை சரியில்லை என்றால் கிளினிக்கில் இருக்கும் நர்ஸுக்கும் எச்சரிக்கை போகும். இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2010இல் முடிவு வெளிவந்தது. ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள் 1,653 பேர். ஒரு பாதிப் பேர் தினமும் தானியங்கி போன் எண்ணை அழைத்து, எந்திரக் குரல் கேட்கிற கேள்விகளுக்கு எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். மறுபாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கணக்கிலும் இறந்தவர்கள் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. அழைக்க வேண்டியவர்களில் ஏழில் ஒருவர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில், வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்.

அடுத்து ஜெர்மனி, 2018இல் வெளிவந்த ஆய்வு. 1,571 நோயாளிகள். எடை, பிரஷர், இசிஜி எல்லாம் வீட்டிலிருந்தே ஒரு மையத்துக்குப் போகும். அந்த மையத்தில் இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். எண் தவறினால் அவர்களே வீட்டுக்குப் போன் செய்வார்கள், மாத்திரையை மாற்றச் சொல்வார்கள். இதய, ரத்தநாளக் கோளாறால் திடீரென ஆஸ்பத்திரியில் படுத்தோ, எந்தக் காரணத்தாலாவது இறந்தோ இழந்த நாட்கள் வழக்கமான கவனிப்பில் ஆண்டுக்கு 24.2; இந்த ஏற்பாட்டில் 17.8. இறப்பும் குறைந்தது.

இரண்டும் வேறு வேறு ஆய்வு. நோயாளிகளும் வேறு, காலமும் வேறு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் கணிப்பு இது: எண்ணைச் சேகரிப்பதால் யாருக்கும் கால் வீக்கம் வடியாது. அந்த எண்ணைப் பார்த்து அன்றைக்கே மாத்திரையை மாற்ற ஒருவர் வேண்டும். ஆகவே கலர் கலராக வரைபடம் காட்டும் ஆப் ஒன்றைப் பேரன் போட்டுக் கொடுத்தால், முதலில் அவனிடம் கேளுங்கள்: "இது யாருக்குப் போகுது தம்பி?" பதில் இல்லை என்றால், குளிர்பெட்டியில் ஒட்டிய தாளும் பென்சிலும் அதே வேலையைச் செய்யும். லோட் ஷெடிங் நேரத்திலும் செய்யும்.

நம்மூரில் இதெல்லாம் நடக்குமா என்று நினைக்காதீர்கள். 2014இல் நம் சுகாதாரத் துறை கர்ப்பிணிகளுக்காக 'மாம்கனெக்ட்' தொடங்கியது. சாதாரண பட்டன் போனிலேயே பதிவு செய்யலாம். எஸ்எம்எஸ் வரும், கேள்வி கேட்டால் பதிலும் வரும். பிறகு அது வாட்ஸ்அப்புக்கும் வந்தது. தாய்க்குச் செய்ய முடிந்ததை ஆயாவுக்கும் செய்யலாம். அதுவரை குடும்ப வாட்ஸ்அப் இருக்கிறது. காலையில் ஸ்கேலின் முகப்பைப் படம் எடுத்து மகளுக்கோ பேத்திக்கோ அனுப்புங்கள். எட்டு மணிக்குப் படம் வரவில்லை என்றால் அவள் அழைக்கட்டும். காலை வணக்கப் பூ அனுப்புகிற நேரத்தில் இதையும் அனுப்பலாம்.

சாப்பாட்டுக் கணக்குப் போடும் ஆப்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வெளிநாட்டு ரொட்டியும் சூப்பும் அதில் இருக்கும். கருவாட்டுக் குழம்பு இருக்காது, டின் மீன் கறி இருக்காது. 2016 ஜூனிலிருந்து ரொட்டி, சிப்ஸ், சூப் பொடி, ஸ்டாக் கியூப் போன்றவற்றில் உப்பில் இருக்கும் சோடியம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆனால் ஆயா வீட்டில் போடும் மாங்காய் அச்சாருக்கு எந்தச் சட்டமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உப்பின் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது, அச்சாரில் இருப்பது, ரொட்டியில் இருப்பது எல்லாம் சேர்த்து. உப்புக்குப் பதிலாக விற்கும் 'லோ சால்ட்' பொடியைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும்; எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இதய மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் ஆபத்து.

மாத்திரை நேரத்துக்கு அலாரம் அடிப்பதில் ஆப் கெட்டிக்காரன். அதை மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலிக்கு நீங்களாகக் கடையில் வாங்கிய ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் பற்றி நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. அவை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எப்படிச் சாப்பிடுவது என்று விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சிஸ்டரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீக்கம் இல்லாத நாளில் என் எடை எவ்வளவு இருக்க வேண்டும்? எடை ஏறினால் நானாக நீர் மாத்திரை ஒன்று கூடப் போடலாமா, எத்தனை நாள்? சனி, ஞாயிறில் எந்த எண்ணுக்கு அழைப்பது? மார்பு வலியோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டலோ வந்தால் இந்தத் தாளைத் தேட வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ். இப்போது கேள்விகளைக் கேளுங்கள். மாத்திரைப் பையைக் கையோடு கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.