கருவறை கட்டாத கோயில் | ஜப்பான் மிவா மலை வ்லாக்

வணக்கம் மக்களே! நாரா மாநிலத்தில் சகுராய் என்ற ஊரில் இருக்கிறேன். மிவா ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் இந்த ஓமிவா கோயில் வந்துவிடும். எனக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று தெரிகிறதே, அதுதான் மிவா மலை. உயரம் 467 மீட்டர்தான். ஆனால் இங்கே வருகிற எல்லாரும் கும்பிடுவது அதைத்தான்.

பொதுவாக ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் கோயில்களில் சாமிக்கென்று ஹோண்டென் என்ற தனிக் கட்டடம் உள்ளே இருக்கும். இங்கே அது கிடையாது. ஓமோனோநுஷி என்ற தெய்வம் மலையிலேயே உறைகிறார், அப்புறம் எதற்குத் தனியாக ஒரு வீடு? இதோ, முன்னால் இருப்பது வழிபாட்டு மண்டபம் மட்டும். அப்போது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர், அதாவது நான்காம் தொகுகவா ஷோகுன் இயெட்சுனா 1664இல் கட்டிக்கொடுத்தது. இதற்குப் பின்னால் தோரி என்கிற ஷிண்டோ கோயில் நுழைவாயில்கள் மூன்றை ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தாண்டினால் நேராக மலைதான். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கினால், அந்த வணக்கம் மலைக்கே போகிறது. இவ்வளவு நேரடியான வழிபாட்டை ஜப்பானில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மேலே தொங்குகிற பெரிய உருண்டையைப் பாருங்கள். சுகி என்கிற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் இலைகளைக் கொத்தாகக் கட்டிச் செய்தது. இந்தத் தெய்வம் சாக்கே என்ற அரிசி மதுவுக்கும் காவல். வருடா வருடம் நவம்பர் 14இல் சாக்கே வடிப்பவர்கள் வேண்டிக்கொள்ளும் விழா நடக்கும், அப்போது புது உருண்டை மாட்டுவார்கள். ஜப்பான் முழுக்க சாக்கே ஆலை வாசல்களில் தொங்குவதும் இதே வகைதான்.

இந்தப் பக்கம் வாருங்கள். வேலி போட்ட பழைய சுகி மரம். அடியில் சாக்கே, பக்கத்தில் கோழிமுட்டை! இந்த மரத்தில் வெள்ளைப் பாம்பு குடியிருப்பதாக நம்பிக்கை. இரவில் மட்டும் வருகிற கணவனின் முகத்தைப் பார்க்க இளவரசி ஒருத்தி ஆசைப்பட, சீப்புப் பெட்டிக்குள் அவர் குட்டிப் பாம்பாக இருந்தார் என்று 720இல் எழுதி முடித்த நிஹோன் ஷோக்கி என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அந்தக் கணவர் இந்த மிவா தெய்வம்தான். அதனால்தான் முட்டைப் படையல்.

சரி, இப்போது ஓமிவாவின் துணைக்கோயிலான சாய் என்ற கோயிலுக்கு வந்துவிட்டேன். மலை ஏறும் வழி இங்கிருந்துதான். பெயர் எழுதி 300 யென் கட்டினால், கழுத்தில் போட வெள்ளைப் பட்டை தருவார்கள். மேலே சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். படம், வீடியோ எதுவும் எடுக்கக் கூடாது. சாமியின் உடல் மேலேயே நடக்கிறோம், இந்த விதி எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. அதனால் உச்சியை இந்தச் சேனலில் காட்ட மாட்டேன்.

நீங்கள் வருவதாக இருந்தால் காலையிலேயே வந்துவிடுங்கள், நண்பகலுக்கு மேல் ஏற விடமாட்டார்கள். போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகும். நான் கிளம்புகிறேன், கேமராவைப் பைக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.