டிஷ் சிக்னல் விட்டு விட்டு வருதா? எல்என்பி மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

(மொட்டை மாடி. டிஷ், பக்கத்துல ஒரு தென்னை.)

வணக்கம் மக்களே, கும்பகோணம் பக்கத்துல நம்ம வீட்டு மாடிலதான் நிக்கிறேன், கையில ரெண்டு எல்என்பி, அதான் டிஷ் முன்னாடி நீட்டிட்டு நின்னு சிக்னல வாங்கி பெருசாக்கி கேபிள்ல அனுப்புற சின்னப் பெட்டி, ஒண்ணு எட்டு வருஷம் வெயில்லயும் மழைலயும் கெடந்தது, இன்னொண்ணு நேத்து வாங்கினது, அது சேக்குற இரைச்சல் 0.1 டெசிபல்தான்னு கொட்டை எழுத்துல ஸ்டிக்கர் ஒட்டிருக்கான். (டெசிபல்னா சிக்னல் எவ்ளோ கூடுது, கொறையுதுன்னு சொல்ற அளவு.) காசு குடுத்த அளவுக்கு வேல செய்யுதான்னு பாத்துருவோம்.

டிடி ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட் 15ங்கிற செயற்கைக்கோள்லேந்து, அது நிக்கிறது 93.5 டிகிரி கிழக்கு. நம்ம டெல்டாலேந்து பாத்தா தென்கிழக்கு, உசரம் கிட்டத்தட்ட 69 டிகிரி, அண்ணாந்து பாக்கணும். டிஷ் அவ்ளோ மேல பாக்குற மாதிரி தெரியாது, எல்என்பி நேர் நடுவுல இல்லாம கீழ தள்ளி நிக்கிற ஆஃப்செட் டிஷ் அப்படித்தான் ஏமாத்தும். எதிர் வீட்டு மாடியெல்லாம் மறைக்காது, ஒட்டி நிக்கிற தென்னை மட்டைதான் வம்பு.

(பாக்ஸ்ல சிக்னல் பக்கம்.)

இங்க ரெண்டு கோடு இருக்கு பாருங்க, ஸ்ட்ரென்த், குவாலிட்டி. முக்கால்வாசி பேரு மேல உள்ளத பாத்துட்டு சிக்னல் ஃபுல்லுங்கிறாங்க. இப்ப ஒரு ஈரச் சாக்க டிஷ் மேல போத்துறேன். ஸ்ட்ரென்த் லேசாதான் எறங்குது, குவாலிட்டி சைபர்! கீழேந்து அம்மா "டேய் சீரியல் போச்சுடா"ங்கிறாங்க. ஏன்னா எல்என்பி வெறும் இரைச்சலயும் சேத்து பெருசாக்கி அனுப்பும், ஸ்ட்ரென்த் அதயும் சேத்துதான் எண்ணும். அதனால குவாலிட்டிய மட்டும் பாருங்க.

பழைய எல்என்பில குவாலிட்டி 62. புதுசு மாட்டி, சுத்தி அட்ஜஸ்ட் பண்ணி, 64. அவ்ளோதான். ரெண்டு எல்என்பிக்கும் இரைச்சல்ல அரை டெசிபல் கூட வராத வித்தியாசம், அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது. அதுக்கு பதிலா 60 சென்டிமீட்டர் டிஷ்ஷ 90 ஆக்குனா பரப்பு 2.25 மடங்கு, மூணரை டெசிபல் கூடும், மழைக்கு அதான் தாங்கும்.

இப்ப கனெக்டர கழட்டுறேன், கிட்ட வாங்க. நடுக்கம்பி பச்சையா களிம்பு புடிச்சிருக்கு, அதச் சுத்தி உள்ள பின்னல் கம்பில ஒரு இழை நீட்டிட்டு நடுக்கம்பிய தொடுற மாதிரி நிக்குது. இதான் வில்லன். இதே கேபிள்ல பாக்ஸ்லேந்து எல்என்பிக்கு 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ ஏறிப் போகுது, வெர்டிகலா (செங்குத்தா வர்ற அலை) ஹாரிசாண்டலா (படுக்கையா வர்ற அலை), எத எடுக்கணும்னு எல்என்பிக்கு சொல்றது அதான், களிம்புல வோல்ட் கொறஞ்சா 18 போக வேண்டிய எடத்துல எல்என்பி தடுமாறும், ரெண்டையும் பயன்படுத்துற சர்வீஸ்னா பாதி சேனல் வரும் பாதி வராது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துக்கு இது இன்னும் சீக்கிரம்.

கேபிள் நீளம்? டிஷ்ஷுக்குப் போடுற ஆர்ஜி6 கேபிள்ல 20 மீட்டருக்கு 1 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு 4 டெசிபல் போகும், எல்என்பி 50, 60 டெசிபல் கூட்டி அனுப்புறதால வீட்டுக்குள்ள அது பெரிய விஷயமில்ல.

நுனிய வெட்டி, புதுசா சீவி, புது கனெக்டர் திருகியாச்சு. பழைய எல்என்பியவே திரும்ப மாட்டுனேன். 71!

(வானம் இருட்டுது.)

அட, மழை வருது. கனெக்டருக்குக் கீழ கேபிள ஒரு வளையம் விட்டு கட்டிடுறேன், தண்ணி உள்ள போகாம அதுலேந்து சொட்டிரும். சாக்க எடுத்தாச்சா? எடுத்தாச்சு. அம்மா, சீரியல் வந்துருச்சா?